தீனிப்பையில் இருந்தது

ராய்ஸ் டிட்மோருக்கு வான்கோழி வேட்டையில் பத்துக் கட்டளைகள் உண்டு, பதினொன்றாவதை இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் ஊர் முடிவெட்டும் கடையில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டளைகளை மீறுகிறவர்கள். மீதிப் பேர் மீறிவிட்டு அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள்.

மரக்கிளையில் அடைந்திருக்கும் சேவலைச் சுடுகிறவன் அவரைப் பொறுத்தவரை திருடன். கட்டிலில் தூங்குகிறவனைக் குத்துவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பார். ரப்பர் பெட்டைக்கோழியைப் புல்லில் நட்டுவைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறவன் சோம்பேறி. நாற்பது எட்டு நடை தூரத்துக்கு அப்பால் நிற்பதைச் சுட்டுக் காயப்படுத்தி ஓடவிடுகிறவன் முட்டாள். மக்காச்சோளத்தைத் தூவிவிட்டுக் காத்திருப்பவனைப் பற்றி அவர் பேசவே மாட்டார், துப்புவார். சட்டத்திலும் அது குற்றம்தான், ஆனால் சட்டமெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். சேவல் தன்னுடைய அழைப்பைக் கேட்டு, தன் காலால் நடந்து வர வேண்டும். தற்செயலாக எதிரே வந்து நிற்பதைக்கூட அவர் சுட மாட்டார். அப்படி மூன்று சேவல்களைத் தொப்பியைத் தூக்கி வழியனுப்பியிருக்கிறார். வசந்தத்துக்கு ஒன்று, அதற்கு மேல் தொட மாட்டார்.

ஒருமுறை எங்கள் தேவாலயத்துப் போதகர் அவரை மடக்கப் பார்த்தார். பெட்டைக்கோழி போலக் குரல் கொடுத்து ஏமாற்றுகிறீரே, அது மட்டும் பொய் இல்லையா என்று கேட்டார். ராய்ஸ் யோசிக்கவே இல்லை.

"பொய்தான். ஆனா ஒரே ஒரு பொய். அதுக்குக் கண்ணு இருக்கு, காது இருக்கு, நம்மளவிடக் கூர்மையா இருக்கு. அந்தப் பொய்யக் கண்டுபிடிக்க அதுக்கு முழுசா வாய்ப்புக் குடுக்கறேன். கண்டுபிடிச்சிட்டா அது ஜெயிச்சது, நான் வீட்டுக்குப் போறேன்."

போதகருக்குப் பதில் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார்.

அலபாமாவின் செம்மண் மேடுகளுக்கு நடுவே முப்பத்தொரு வருடம் கடிதம் பட்டுவாடா செய்தவர் ராய்ஸ். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மகன் ஊரை விட்டுப் போய்க் கடிதம் போடுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார். நேர்மையான மனிதர். சற்று அதிகமாகவே நேர்மையானவர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்களே, அவருடைய நேர்மை அப்படிச் சிலருக்குக் கசந்திருக்கிறது.

அதிகம் கசந்தது கார்லண்டுக்கு. கார்லண்ட் அவருடைய மனைவி நெல்டாவின் தம்பி. டிராக்டர் பழுது பார்க்கிறவன். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, கார்லண்டின் வேலியோரம் மக்காச்சோளம் சிதறிக் கிடப்பதையும், இருபது எட்டில் அவன் மறைப்புக் கூடாரம் நிற்பதையும் ராய்ஸ் பார்த்தார். வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் வேட்டைக் காவல் அதிகாரிக்குத் தொலைபேசினார். மச்சினனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்லண்டின் துப்பாக்கி போயிற்று, உரிமம் போயிற்று, வாரப் பத்திரிகையில் பெயர் வந்தது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவனாக இருந்தவன் தேவாலயத்துக்கு வருவதையே நிறுத்தினான். நன்றி நாள் விருந்துக்கு அக்கா வீட்டு மேசையில் அவன் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. நெல்டா ஒவ்வொரு வருடமும் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். விருந்து முடிந்ததும் அந்தத் தட்டைக் கழுவாமல் அப்படியே உள்ளே எடுத்து வைப்பாள். ராய்ஸ் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார்.

இனி லமார் ஹார்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராய்ஸும் லமாரும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிகிறவர்கள். லமார் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ராய்ஸ் இறுக்கம் என்றால் லமார் தளர்ச்சி. பேச்சும் சிரிப்புமாக இருப்பார், யாரிடமும் முகம் கோண மாட்டார். ராய்ஸ் ஒரு ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால், லமார் அடுத்த மரத்தில் சாய்ந்து உட்காருவார். லமாருக்குச் சுடுவதில் அவ்வளவு ஆசை இல்லை. "நீ கூப்பிடறதப் பாக்கறதுக்குத்தான்டா வர்றேன்" என்பார். ராய்ஸைப் போன்ற மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ராய்ஸ் ஓய்வு பெற்ற சமயத்தில் காகித ஆலைக்காரர்கள் அவர் வேட்டையாடுகிற ஸ்டப்ஸ் மேட்டின் அந்தப் பக்கத்து ஓக் மரங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் பைன் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். கோழிகள் குறைந்துபோயின. தொடர்ந்து மூன்று வசந்தம் ராய்ஸ் வெறுங்கையோடு இறங்கி வந்தார். வேலையும் இல்லை, கோழியும் இல்லை. அந்த மூன்றாவது வருடம் அவர் சாப்பிடுவதும் பேசுவதும் பாதியாகிவிட்டது. சீடர் மரத்தில் தானே செதுக்கிய, பெட்டைக்கோழிக் குரல் எழுப்பும் அழைப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூடியை விளிம்பில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். தன் கையில்தான் ஏதோ போய்விட்டது என்று நினைத்தார்.

நான்காவது வசந்தத்தில் ஒரு சேவல் வந்தது. தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, நேராக அவர் மடிக்கே வருவது போல வந்தது. அன்று முதல் வருடம் ஒன்று தப்பவில்லை. ஒன்பது வருடம், ஒன்பது சேவல்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. சேவலைச் சுத்தம் செய்யும்போது முதலில் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையைக் கீறிப் பார்ப்போம். காலையில் அது எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்பது அதில் எழுதி வைத்தது போல இருக்கும். ராய்ஸ் அதை ஒரு நோட்டில் குறித்துவைப்பார். க்ளோவர் தழை நுனி, போன வருடத்து ஓக் கொட்டை, வண்டு என்று எழுதி, எந்த மேடு, எந்தத் தேதி என்றும் எழுதுவார்.

அந்த முதல் சேவல் விழுந்த அன்றே லமார் ஒரு புது ஏற்பாடு சொன்னார். கூப்பிடுகிறவன் ராய்ஸ், சுத்தம் செய்கிறவன் லமார். உனக்கு முதுகு வலி, குனியாதே, நான் ஓடைக்கரையில் முடித்துக் கொண்டுவருகிறேன் என்றார். ராய்ஸுக்கு உண்மையாகவே முதுகு வலி இருந்தது. நண்பனின் கரிசனம் என்று நெஞ்சு குளிர்ந்தது. லமார் ஓடைக்கரையிலிருந்து வந்து தீனிப்பையில் இருந்ததை ஒப்பிப்பார், ராய்ஸ் நோட்டில் எழுதிக்கொள்வார். ஐந்து வருடத்துக்கு முன் விழுந்த பெரிய சேவலின் பையில் ஒரு குட்டி நத்தை ஓட்டோடு இருந்தது என்று லமார் சொன்னார். கால்முள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்த சேவல் அது, எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அந்த நத்தையை ராய்ஸ் முடிவெட்டும் கடையில் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். நத்தை தின்னப் போனதை நடுவில் நிறுத்தித் திருப்பிக் கூப்பிட்டேன் என்பார். அவர் பெருமை பேசிக் கேட்பது அபூர்வம் என்பதால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வீட்டு வரவேற்பறையில் ஒரு பலகை. அவர் வீழ்த்திய ஒவ்வொரு சேவலின் மார்பிலும் தொங்கிய முடிக்கற்றை, நாங்கள் தாடி என்போம், ஆணியில் மாட்டியிருக்கும். கடைசி வரிசையில் ஒன்பது தாடிகள். நடுவில் இருப்பது பெரிய சேவலின் தாடி, அதற்குக் கீழே அதன் இரண்டு கால்முட்கள்.

இந்த வருடம் லமாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார், வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். வேட்டைக் காலம் முடிய ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். தனியாகப் போகாதே, இந்த வருடம் விட்டுவிடு, அடுத்த வருடம் சேர்ந்து போகலாம் என்று லமார் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ராய்ஸுக்குச் சிரிப்பாக இருந்தது. என்னைவிட்டு ஒரு காலை அவனால் இருக்க முடியவில்லை பார் என்று நெல்டாவிடம் சொன்னார். நெல்டா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் ஸ்டப்ஸ் மேட்டில் ஏறி, கையைக் குவித்து ஆந்தை போலக் கத்தினார். தூரத்து மரத்திலிருந்து ஒரு சேவல் கொளகொளவென்று பதில் சொன்னது. வழக்கமான ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பெட்டியை மூன்றே முறை தேய்த்துவிட்டு வைத்துவிட்டார். கூடுதலாகக் கூப்பிடுவது கெஞ்சுவது, கெஞ்சுகிறவளைத் தேடி எந்தச் சேவலும் வராது என்பது அவர் கட்சி.

சேவல் இறங்கியது. ஆனால் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது பின்பக்கத்து மேட்டிலிருந்து வந்தது. தோகை விரிக்கவில்லை. கழுத்தைக் கீழே போட்டுக்கொண்டு, விருந்து முடிந்து வீட்டுக்குப் போகிறவனைப் போலச் சாவகாசமாக வந்தது. ராய்ஸுக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை பெட்டியை லேசாகத் தேய்த்ததும் அது தலையைத் தூக்கி, அவர் பக்கம் திரும்பி நடந்தது. அழைப்புக்குத்தான் வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இருபத்தாறு எட்டில் சுட்டார்.

வீட்டுக்கு வந்து பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் சேவலைக் கிடத்தினார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கத்தி அவர் கையில். கழுத்தடியில் தொட்டுப் பார்த்தபோது தீனிப்பை பந்து போல இறுகி இருந்தது. கீறினார்.

மக்காச்சோளம். மஞ்சள் மஞ்சளாகக் கலகலவென்று இரும்புத் தகட்டில் கொட்டி உருண்டது. க்ளோவர் இல்லை, வண்டு இல்லை. தீவனக் கடையில் மூட்டை மூட்டையாக விற்கிற காய்ந்த மக்காச்சோளம். ஏப்ரல் கடைசியில் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலிலும் கதிர் கிடையாது. யாரோ கொண்டுவந்து போடாமல் அது அங்கே வந்திருக்க முடியாது.

அவர் உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு நின்றார். நெல்டா இறைச்சிக்கு எனாமல் கிண்ணத்தோடு வந்தாள். மக்காச்சோளத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவரை முதலில் குத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"நான்தானே சமைக்கறேன். காட்டுல மேஞ்ச கோழிக்கு இவ்வளவு கொழுப்பு இருக்காது, இப்படி மஞ்சளாவும் இருக்காது. மூணாவது வருஷமே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் கவனிச்சுப் பாக்கறதயே விட்டுட்டேன்."

கார்லண்டைக் காட்டிக்கொடுத்தது அதற்குப் பிறகு என்று கணக்குப் போட அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அவள் அதற்குள் போட்டு முடித்துக் காத்திருந்தாள்.

"அப்பவே ஏன் சொல்லல, நெல்டா?"

"என் தம்பிய ஒரு வார்த்தை கேக்காமப் புடிச்சுக் குடுத்தியே, அன்னிக்கு ராத்திரி சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் வேணாம்னு விட்டேன். நீயா ஒரு நாள் கத்தி எடுத்துக் கீறிப் பாப்பேன்னு காத்துட்டிருந்தேன். ஆறு வருஷம் காத்திருந்தேன், ராய்ஸ்."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் மறுபடியும் ஸ்டப்ஸ் மேட்டுக்கே போனார். தன் ஓக் மரத்தைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை. அங்கே நடந்தால் கோழிகள் மிரளும், அந்தப் பக்கமே போகாதே என்று லமார் சொல்லியிருந்தார். நூற்றைம்பது எட்டில், இலைச் சருகுக்கு நடுவே மண் வழித்துவிட்டது போலக் கிடந்தது. நெடுகக் கோழிக்கால் தடம். கிளறிய மண்ணில் மிச்சம் மீதி மக்காச்சோளம். ஒரு புதரில் தீவன மூட்டையின் வாயைத் தைக்கிற நூல், சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று, சற்று வெளிறியது. அதற்கும் கீழே பாசி பிடித்துப்போன பழைய நூல்கள். லமார் எதையும் சுத்தமாகத் துடைத்து வைக்கிற ஆள் கிடையாது. கூட இருந்தே குழி பறித்தவன், குழியை மூடக்கூடச் சோம்பல் பட்டிருக்கிறான்.

ராய்ஸ் அந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

லமார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வா வா, கிடைச்சுதா, எத்தனை எட்டு என்று ஆரம்பித்தவர், ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து நூல் உருண்டையை எடுத்து அவர் வயிற்றின்மேல் போட்டதும் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்டா" என்றார்.

"எப்போ?"

லமார் கொஞ்ச நேரம் ஐஸ் பொட்டலத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு சொன்னார். ராய்ஸ் அந்த மூன்று வருடம் இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். ஒன்றே ஒன்று கிடைத்தால் ஆள் தேறிவிடுவான் என்று நினைத்து ஒரு மூட்டை வாங்கிப் போட்டாராம். தேறியும்விட்டார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வருடம் நிறுத்த மனம் வரவில்லை. இந்த வருடமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே மூட்டை மூட்டையாகப் போட்டு வைத்தாராம்.

"உன் கைல ஒரு குறையும் இல்லடா. மரத்த வெட்டிட்டானுங்க, கோழி போயிடுச்சு. நீ நல்லாத்தான் கூப்பிட்ட. கேக்கத்தான் அங்க யாரும் இல்ல. நான் கூட்டிட்டு வந்து விட்டேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"ஒரு புதன்கிழமை கார்லண்டப் புடிச்சுக் குடுத்தேன். சனிக்கிழமை உன் பக்கத்துல உக்காந்து ஒரு சேவலச் சுட்டேன். நீ என் முதுகத் தட்டிக்குடுத்த."

லமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்குச் சொல்லியிருந்தா என்னையும் புடிச்சுக் குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன்."

"அதான்."

 பிறகு லமாருக்கே கோபம் வந்தது. அடிக்கடி கோபப்படாதவர்களுக்கு வருகிற கோபம், எங்கே அடிக்கிறோம் என்று பார்க்காது.

"பெரிய யோக்கியன் மாதிரி வந்து நிக்காத. போதகர்கிட்ட என்ன சொன்ன? கோழிக்கு முழு வாய்ப்புக் குடுக்கறேன்னு சொன்னல்ல? உனக்கும்தான் குடுத்தேன். ஒன்பது வருஷம் கத்தி உன் பையிலதான் இருந்துச்சு. ஒரு தடவை ஓடைக்கரைக்கு இறங்கி வந்தியா? கோழிக்கு இருக்கற சந்தேகம்கூட உனக்கு வரல. ஏன்னா உனக்கு வேண்டியது வந்துக்கிட்டே இருந்துச்சு."

இது ராய்ஸுக்குச் சுரீரென்றது. உண்மை என்பதால் மட்டும் இல்லை. சந்தேகப்படாமல் இருந்ததைத்தான் அவர் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அறுபது வருடத்தில் அவர் கத்தி எடுத்துக் கீறிப் பார்க்காத ஒரே ஆள் இந்த லமார்தான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, ஏன் நம்பினாய் என்று கேட்கிறான். 

கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்பதும் அப்படித்தானா?"

"எட்டு" என்றார் லமார். குரல் இறங்கிவிட்டது. "பெரிய சேவல் உன்னுதுடா. கார்லண்ட் விஷயத்துக்கு அப்புறம் எனக்குப் பயமாயிடுச்சு. அடுத்த வருஷம் ஒரு மணி கூடப் போடல. அது தானா வந்துச்சு. நீ கூப்பிட்டு வந்துச்சு. நான் அன்னிக்கு அழுதேன், நீ பாக்கல."

"நத்தை?"

"நத்தை நிஜம். சத்தியமா. அந்தப் பையக் கீறறப்ப வேண்டிக்கிட்டேன், உள்ள நல்லதா ஏதாவது இருக்கணுமேன்னு. இருந்துச்சு. ஓடிவந்து சொன்னேனே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. ஓடைக்கரையிலிருந்து மேலேறி வந்த அந்த முகம் ராய்ஸுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. வாயெல்லாம் பல்லாக, கண் கலங்கி வந்த முகம். அதற்கு முந்தின வருடங்களில் க்ளோவர் நுனி, இரண்டு வண்டு என்று ஒப்பித்ததும் இதே முகம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசமாவது கிடைக்குமா என்று அவர் நினைவில் துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேட்டைக் காவல் அதிகாரிக்குத் தொலைபேசினார். இந்தத் தடவையும் காலணியைக் கழற்றவில்லை. இரைபோட்ட இடத்தில் சேவலைச் சுட்டேன் என்று தன் பெயரைச் சொன்னார். இரை போட்டது யார் என்று அதிகாரி கேட்டார். ராய்ஸ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கார்லண்ட் பெயரைச் சொன்னபோது நாக்கு தயங்கவில்லை. இப்போது லமாரின் பெயரை விழுங்கினால், அன்று செய்தது நேர்மை இல்லை, வேண்டாதவன் என்பதால் செய்தது என்று ஆகிவிடும். சொன்னார். எழுத்துக் கூட்டியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கார்லண்டின் பட்டறைக்குப் போனார். கார்லண்ட் ஒரு டிராக்டரின் அடியில் படுத்திருந்தான், இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ராய்ஸ் அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். மக்காச்சோளம், நூல், லமார், அதிகாரி. மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னார், அது அவருக்குப் பழக்கமில்லாத வார்த்தை. அடியில் வேலை நடக்கிற சத்தம் நின்றது.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர் அங்க இருக்கும், எடு" என்றான் கார்லண்ட்.

ராய்ஸ் தேடி எடுத்துக் குனிந்து நீட்டினார். எண்ணெய் படிந்த கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. அடியில் மறுபடியும் வேலைச் சத்தம் கேட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்து வந்தார்.

அடுத்த வாரப் பத்திரிகையில் இரண்டு பெயர்களும் வந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக. முடிவெட்டும் கடையில் அன்று யாரும் கேலி செய்யவில்லை. லமாரின் மனைவி கடைத்தெருவில் ராய்ஸைப் பார்த்து அந்தப் பக்கம் போய்விட்டாள். லமார் ஒரு முறை தொலைபேசினார். நெல்டா எடுத்து, அவர் வர மாட்டார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ராய்ஸ் இடுக்கியோடு பலகையின் முன் நின்றார். கடைசி வரிசையில் முதல் தாடியைக் கழற்றினார், பிறகு இரண்டாவது. ஆணியையும் பிடுங்கினார். பழைய காகிதப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். நெல்டா சமையலறை வாசலில், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது. ஒன்பது வருடத்துப் பக்கங்களில் எட்டைக் கிழித்தாகிவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்டப்ஸ் மேடு, ஏப்ரல் பத்தொன்பது, குட்டி நத்தை ஒன்று, ஓட்டோடு.

பலகையிலும் நடுவில் ஒன்றே மிச்சம். அதன் கீழே இரண்டு கால்முட்கள், வளைந்து, கறுத்து, யாரும் பார்த்திராத நீளத்தில்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார். அந்தக் காலை இன்னும் முழுசாக உள்ளே இருந்தது. மூன்று தேய்ப்பு, வெகு நேர அமைதி, பிறகு மூடுபனிக்குள்ளிருந்து விரிந்த தோகை. அது தன்னைத் தேடித்தான் வந்தது என்று அவருடைய உடம்பு சத்தியம் செய்தது. ஆனால் மற்ற எட்டுக்கும் அந்த உடம்பு இதே சத்தியத்தைத்தான் செய்திருந்தது.

இடுக்கியால் அந்த ஆணியையும் கவ்வினார்.

"அதையுமா?" என்றாள் நெல்டா. "அது மட்டும் உன்னுதுன்னு லமார் சொன்னான்னியே."

"ஆமா" என்றார் ராய்ஸ். "அவன்தானே சொன்னான்."